பெயருக்குப் பின்னால் வரும் எழுத்துகள்: லண்டனில் சொத்து மதிப்பீட்டாளருக்குச் சங்க உறுப்புரிமை தேவையா?

பிரித்தானியாவுக்கு வந்த நாள் முதல் எமது குடும்பங்கள் உழைத்துச் சேர்த்ததில் பெரும்பங்கு செங்கல்லுக்குள்ளேதான் கிடக்கிறது. ஈஸ்ட்ஹாமிலோ ஹரோவிலோ ரூட்டிங்கிலோ நியூ மோல்டனிலோ ஒரு வீடு. ஊரில் விட்டுவந்த வளவுக்கும் வீட்டுக்கும் ஈடாக இங்கே நாம் பிடித்துக்கொண்டது அந்த ஒன்றைத்தான். அந்த வீட்டின் பெறுமதி இவ்வளவு என்று ஒருவர் தாளில் எழுதிக் கையெழுத்திடுகிறார். வங்கி கடன் தருமா தராதா, பிரிந்து போகும் கணவனுக்கும் மனைவிக்கும் எவ்வளவு பங்கு, தகப்பன் காலமான பின் பிள்ளைகள் எவ்வளவு வரி கட்ட வேண்டும் என்பதெல்லாம் அந்த ஓர் எண்ணில்தான் தங்கியிருக்கிறது.

அந்த எண்ணை எழுதும் தொழிலுக்கு இப்போது எமது பிள்ளைகளும் போகிறார்கள். ஊரில் நில அளவையோ கட்டடத் துறையோ படித்துவிட்டு வந்து இங்கே வேறு வேலை செய்துகொண்டிருப்பவர்களும் இந்தத் துறையை எட்டிப் பார்க்கிறார்கள். அவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "வேலை தெரிந்தால் போதாதா? ஆண்டுக்குப் பல நூறு பவுண் சந்தா கட்டி ஒரு சங்கத்தில் சேர்ந்து என்ன காணப் போகிறோம்?"

நியாயமான கேள்வி. மற்றவர்கள் பணத்தை நம்பி வைக்கும் எண்ணை எழுதுவதுதான் உங்கள் வேலை என்றால், சேரத்தான் வேண்டும் என்பது எமது பதில். ஆனால் அதற்கான காரணம் பலர் நினைப்பது போல மதிப்பும் மரியாதையும் அல்ல. வேலை தானாக வந்து குவியும் என்பதும் அல்ல. அது என்ன என்பதையும், எங்கே சங்கம் தேவையில்லை என்பதையும், சங்கத்தின் மீதே உள்ள குறைகளையும் இங்கே எடுத்துச் சொல்கிறோம்.

பலகையை யாரும் போடலாம்

இங்கிலாந்தில் ‘சொத்து மதிப்பீட்டாளர்’ என்று வாசலில் பலகை போடுவதற்கு அரசின் உரிமம் எதுவும் தேவையில்லை. வைத்தியரும் சட்டத்தரணியும் பதிவில்லாமல் தொழில் செய்ய முடியாது. மதிப்பீட்டாளர் செய்யலாம். வீடு விற்றுக் கொடுக்கும் முகவர்களுக்கும் இதே கதைதான். 1979ஆம் ஆண்டின் வீட்டு முகவர் சட்டம் தவறு செய்தவரைத் தடை செய்யும் அதிகாரத்தைத் தந்ததே தவிர, தொழிலுக்குள் வருபவருக்குப் பரீட்சை வைக்கவில்லை.

எமது உறவுகள் வாழும் மற்ற நாடுகளில் நிலைமை வேறு. அமெரிக்காவில் 1980களில் சேமிப்பு வங்கிகள் வரிசையாகச் சரிந்த பின், 1989இல் வந்த மத்திய சட்டம் மதிப்பீட்டாளருக்கு மாநில உரிமம் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அங்கே உரிமத்தைத் தருவது அரசு. சங்கத்தில் சேர்வது விருப்பம். இந்தியாவில் 2017ஆம் ஆண்டின் விதிகளின்படி, கம்பனிச் சட்டத்தின் கீழும் திவால் சட்டத்தின் கீழும் மதிப்பீடு செய்பவர் ஒரு பதிவுபெற்ற மதிப்பீட்டாளர் அமைப்பில் கட்டாயம் உறுப்பினராக இருக்க வேண்டும். இலங்கையிலும் மதிப்பீட்டாளருக்கான நிறுவகம் 1975இல் ஒரு சட்டத்தின் மூலமே அமைக்கப்பட்டது.

பிரித்தானியாவில் சட்டம் வெற்றாக விட்ட இடத்தைச் சங்கம் நிரப்பியிருக்கிறது. ‘மதிப்பீட்டாளர்’ என்ற சொல் எல்லோருக்கும் பொது. ‘பட்டய சேவேயர்’ என்ற பெயர் அப்படியல்ல. அதை ஆர்.ஐ.சி.எஸ். என்று எல்லோரும் அழைக்கும் ரோயல் பட்டய சேவேயர் நிறுவகத்தின் தகுதிபெற்ற உறுப்பினர்தான் போட்டுக்கொள்ளலாம். எமது ஊரில் சேவையர் என்றால் சங்கிலி பிடித்துக் காணி அளப்பவர். இங்கே அந்தச் சொல் காணி அளப்பவர், கட்டடத்தின் பழுது பார்ப்பவர், கட்டுமானச் செலவு கணிப்பவர், விலை மதிப்பவர் என்று பல தொழில்களை அடக்கும். இந்தக் கட்டுரையில் நாம் பேசுவது விலை மதிப்பவரைப் பற்றி.

ஒரு ஹொட்டேலில் தொடங்கிய சங்கம்

1868ஆம் ஆண்டு ஜூன் 15ஆம் திகதி வெஸ்ட்மின்ஸ்டர் பலஸ் ஹொட்டேலில் கூடிய சேவேயர்கள் இந்தச் சங்கத்தைத் தொடங்கினார்கள். ஜோன் கிளட்டன் முதல் தலைவர். ரயில் பாதைகளுக்காக நாடெங்கும் காணிகள் எடுக்கப்பட்ட காலம் அது. காணி இழந்தவனுக்கு எவ்வளவு கொடுப்பது என்ற கேள்வி தினமும் எழுந்தது. நம்பத் தகுந்தவர் யார், நாட்டாமை காட்டிப் பிழைப்பவர் யார் என்று பிரித்தறிய ஒரு வழி வேண்டியிருந்தது. 1881இல் அரச பட்டயம் கிடைத்தது. இன்றுள்ள பெயர் 1947இல் வந்தது. நாடாளுமன்றச் சதுக்கத்தருகே கிரேட் ஜோர்ஜ் வீதி 12ஆம் இலக்கத்தில்தான் இன்றும் தலைமையகம். உலகெங்கும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட உறுப்பினர்கள் இருக்கிறார்கள்.

வெளியில் நிற்பவருக்கு இந்தக் கதவு எளிதில் திறந்ததில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பெண்ணுக்கு உள்ளே இடம் கிடைக்கவே 54 ஆண்டுகள் சென்றன. தொழில்களில் பெண்களுக்கிருந்த தடையை 1919இல் ஒரு சட்டம் நீக்கியது. அதன் பிறகு, 1922இல் ஐரீன் பார்க்லி முதல் பெண் பட்டய சேவேயர் ஆனார். அவர் பெரிய மாளிகைகளை மதிப்பிடப் போகவில்லை. லண்டன் சோமர்ஸ் டவுனின் நெரிசல் குடியிருப்புகளுக்குள் வீடு வீடாகப் போய், ஏழைகள் எந்த நிலையில் வாழ்கிறார்கள் என்று கணக்கெடுத்தார். அந்தக் கணக்கு புதிய வீடுகள் கட்டுவதற்கு ஆதாரமாக நின்றது. பெயருக்குப் பின்னால் வரும் எழுத்துகளை எதற்குப் பயன்படுத்தலாம் என்பதற்கு நல்ல உதாரணம் அவர்.

சட்டம் கேட்காததை வங்கி கேட்கிறது

முன்வாசல் திறந்துதான் கிடக்கிறது. உள்ளே அறைகள் பூட்டியிருக்கின்றன. சங்கத்தில் இல்லாத மதிப்பீட்டாளர் எங்கே தடைப்படுகிறார் என்று பார்ப்போம்.

முதலாவது, மோர்ட்கேஜ். கடன் தரும் வங்கிகளும் கட்டடச் சங்கங்களும் தமது பட்டியலில் உள்ள மதிப்பீட்டாளரைத்தான் அனுப்புகின்றன. அந்தப் பட்டியலில் இடம்பெற ஆர்.ஐ.சி.எஸ். பதிவு அடிப்படைத் தேவை. உறுப்பினராக இருப்பது மட்டும் போதாது. கடனுக்கான மதிப்பீடு போன்றவற்றைச் செய்பவர் சங்கத்தின் மதிப்பீட்டாளர் பதிவேட்டிலும் தனியாகப் பெயர் பதிய வேண்டும்.

இரண்டாவது, ‘ஹெல்ப் டு பை’ கடன். 2013 முதல் 2023 வரை இங்கிலாந்தில் நடந்த இந்தத் திட்டத்தில் எமது இளம் குடும்பங்கள் பலரும் புதிய ஃப்ளாட்டுகளை வாங்கினார்கள். அரசு கொடுத்த பங்குக் கடனைத் திருப்பிக் கட்டும்போது ஆர்.ஐ.சி.எஸ். மதிப்பீட்டாளரின் அறிக்கை வேண்டும். அவர் உங்களுக்கு உறவினராகவோ வீட்டு முகவரோடு தொடர்புள்ளவராகவோ இருக்கக் கூடாது. அறிக்கை மூன்று மாதங்களுக்குத்தான் செல்லும். கடன் வீட்டின் பெறுமதியில் ஒரு வீதமாக இருப்பதால், எண்ணில் வரும் ஒவ்வொரு மாற்றமும் குடும்பத்தின் சட்டைப்பையைத் தொடும்.

மூன்றாவது, எமது கோயில்களும் தமிழ்ப் பள்ளிகளும் ஊர்ச் சங்கங்களும். இவற்றில் பல பதிவுபெற்ற அறக்கட்டளைகள். சில சொந்தமாகக் கட்டடமும் வைத்திருக்கின்றன. அந்தக் கட்டடத்தை விற்பதென்றாலோ நீண்ட குத்தகைக்குக் கொடுப்பதென்றாலோ, 2011ஆம் ஆண்டின் அறக்கட்டளைச் சட்டப்படி, தகுதிவாய்ந்த ஆலோசகர் ஒருவரின் எழுத்து அறிக்கையைப் பெற்ற பின்பே நிர்வாகசபை முடிவெடுக்கலாம். முன்பு அந்த ஆலோசகர் ஆர்.ஐ.சி.எஸ். உறுப்பினராகத்தான் இருக்க வேண்டும். 2023 ஜூன் முதல் அந்த வட்டம் சற்று விரிந்திருக்கிறது. தேசிய வீட்டு முகவர் சங்கத்தின் மூத்த உறுப்பினர்களும் விவசாயக் காணி மதிப்பீட்டாளர் சங்கத்தின் மூத்த உறுப்பினர்களும் அந்த அறிக்கையைத் தரலாம். மூன்றுமே சங்கங்கள் என்பதைக் கவனியுங்கள். எந்தச் சங்கத்திலும் இல்லாதவருக்கு, அவர் எவ்வளவு வல்லவரானாலும், அங்கே இடமில்லை. நிர்வாகசபையோடு தொடர்புள்ள ஒருவருக்கோ அவரது உறவினருக்கோ கட்டடத்தைக் கொடுப்பதென்றால் அறக்கட்டளை ஆணைக்குழுவின் அனுமதியும் வேண்டும்.

நான்காவது, நீதிமன்றமும் தீர்ப்பாயமும். விவாகரத்து, பங்குப் பிரிவினை, ஃப்ளாட்டின் லீஸை நீடிப்பதற்கு எவ்வளவு கொடுப்பது என்ற பிணக்கு ஆகியவற்றில் மதிப்பீட்டாளர் நிபுணச் சாட்சியாகப் போகிறார். அங்கே அவருடைய முதற்கடமை கூலி கொடுத்தவருக்கல்ல, நீதிமன்றத்துக்கு. எழுத்துகள் இல்லாதவர் சாட்சி சொல்லக் கூடாது என்று சட்டம் இல்லை. ஆனால் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி கேட்கும் முதற்கேள்வி அவருடைய தகுதியைப் பற்றியதாகவே இருக்கும்.

சிவப்புப் புத்தகம்

சங்கத்தின் மதிப்பீட்டு விதித்தொகுப்பை எல்லோரும் ‘சிவப்புப் புத்தகம்’ என்றே அழைக்கிறார்கள். 1973, 74ஆம் ஆண்டுகளில் பிரித்தானியச் சொத்துச் சந்தை சரிந்தபோது, ஒரே கட்டடத்துக்கு ஆளுக்கொரு முறையில் விலை எழுதியது பெரும் குழப்பத்தைக் கொண்டுவந்தது. அதைத் தொடர்ந்து 1976இல் முதற்பதிப்பு வந்தது. இப்போது நடைமுறையில் இருப்பது 2025 ஜனவரி 31 முதல் செல்லும் பதிப்பு.

புத்தகம் கேட்பவை கடினமானவை அல்ல, கண்டிப்பானவை. வேலை தொடங்குமுன் யாருக்காக, எதற்காக, எந்த நாளின் பெறுமதி என்று எழுத்தில் உடன்பட வேண்டும். தனக்கு அந்தச் சொத்திலோ ஆட்களிலோ தொடர்பு உண்டா என்று முதலிலேயே பார்க்க வேண்டும். போய்ப் பார்த்ததையும், ஒப்பிட்ட விற்பனைகளையும், எண்ணுக்கு வந்த வழியையும் பதிவாக வைத்திருக்க வேண்டும். சந்தைப் பெறுமதி என்பதற்கும் அங்கே விளக்கம் உண்டு. விருப்பத்தோடு விற்பவரும் விருப்பத்தோடு வாங்குபவரும், ஒருவருக்கொருவர் வேண்டியவராக இல்லாமல், போதிய காலம் சந்தையில் வைத்து, விவரம் அறிந்து, நெருக்கடி இல்லாமல் கைமாற்றும் தொகை அது. எமது பேச்சில் சொன்னால், சொந்தக்காரனுக்குக் கொடுக்கும் விலையும் அல்ல, அந்தரத்துக்கு வித்த விலையும் அல்ல.

வீட்டு முகவர் இலவசமாக வந்து "இவ்வளவுக்குப் போகும்" என்று சொல்வது இந்தக் கணக்கில் சேராது. விற்பனையைத் தமக்குத் தாருங்கள் என்று கேட்பதற்கான பேச்சு அது. அதை எடுத்துக்கொண்டு வங்கிக்கோ வரித் திணைக்களத்துக்கோ போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

"அண்ணை, கொஞ்சம் கூட்டிப் போடுங்கோ"

சங்கத்தின் உண்மையான பயன் எங்கே இருக்கிறது என்பதற்கு இப்போது வருகிறோம்.

எமது சமூகத்தில் வேலை ஆள் மூலம் ஆளுக்குப் போகிறது. கோயிலில் கண்ட முகம், ஊர்க்காரன், மனைவியின் ஒன்றுவிட்ட தம்பி. நம்பிக்கை என்ற நல்ல பழக்கம்தான் அது. ஆனால் மதிப்பீட்டாளருக்கு அதுவே பொறி. மறுமோர்ட்கேஜ் எடுப்பவர் "அண்ணை, கொஞ்சம் கூட்டிப் போடுங்கோ" என்பார். மரணச் சொத்து வரிக்குக் கணக்குக் கொடுப்பவர் "கொஞ்சம் குறைச்சுப் போடுங்கோ" என்பார். பிரிந்து போகும் தம்பதியரில் இருவருமே தெரிந்தவர்களாக இருப்பார்கள். மறுத்தால், "எங்கட ஆள் எண்டு வந்தால் இப்பிடிச் செய்யிறார்" என்ற சொல் மண்டபத்துக்கு மண்டபம் போகும்.

சங்கத்தில் இல்லாதவருக்கு அந்த இடத்தில் சாய்ந்து நிற்க எதுவும் இல்லை. தன் மனச்சாட்சி ஒன்றுதான். சங்கத்தில் உள்ளவர் "அப்படிச் செய்தால் என் பதிவு போய்விடும் தம்பி" என்று சொல்லலாம். அது சாட்டு அல்ல, உண்மை. 2022 பெப்ரவரி முதல் நடைமுறையில் உள்ள ஐந்து நடத்தை விதிகளில் முதலாவதே நேர்மை. மீறினால் அபராதம் உண்டு, நீக்கமும் உண்டு. தெரிந்த முகத்துக்கு முன்னால் ‘இல்லை’ என்று சொல்லும் பலத்தைத்தான் ஒரு மதிப்பீட்டாளர் தன் சந்தாவால் வாங்குகிறார் என்பது எமது கருத்து. எமது சமூகத்துக்குள் தொழில் செய்பவருக்கு வெளியில் உள்ளவரைவிட அது கூடுதலாகத் தேவைப்படுகிறது.

தவறான எண்ணின் விலை என்ன என்பதை 1989இல் பிரபுக்கள் சபை தீர்த்த ஒரு வழக்கு காட்டுகிறது. நோர்விச் நகரில் ஒரு பெண் எளிய வீடொன்றை வாங்கினார். கடன் கொடுத்த கட்டடச் சங்கம் அனுப்பிய மதிப்பீட்டாளர், அவசியமான திருத்தம் எதுவும் இல்லை என்று எழுதியிருந்தார். அந்த அறிக்கையை நம்பி அவர் தனியாக வேறு சோதனை செய்விக்கவில்லை. கீழே புகைபோக்கியின் தாங்குசுவர் முன்னரே அகற்றப்பட்டு, மேலே செங்கற்கள் தாங்கலின்றி நின்றதை மதிப்பீட்டாளர் பார்க்கவில்லை. ஒன்றரை ஆண்டுக்குப் பின் அந்தச் செங்கற்கள் கூரையைப் பிய்த்துக்கொண்டு விழுந்தன. மதிப்பீட்டாளரை அமர்த்தியது கட்டடச் சங்கம் என்றாலும், வாங்குபவருக்கும் அவர் பொறுப்பு என்று தீர்ப்பாயிற்று. பொறுப்பில்லை என்று படிவத்தில் அச்சடித்திருந்த வரி அவரைக் காப்பாற்றவில்லை.

எண்ணில் சிறு வேறுபாடு எல்லோருக்கும் வரும். நீதிமன்றமும் அதை ஏற்கிறது. 2010இல் வந்த ஒரு தீர்ப்பு, சாதாரண குடியிருப்புச் சொத்துக்கு மேலும் கீழும் 5 வீதம், தனித்தன்மை உள்ள சொத்துக்கு 10 வீதம், மிக அபூர்வமானதற்கு 15 வீதம் என்று வழிகாட்டியது. அதற்கு அப்பால் போனால் விளக்கம் சொல்லத்தான் வேண்டும். இதனால்தான் சங்கத்தின் ஒழுங்குக்குட்பட்ட நிறுவனம் தொழிற்பொறுப்புக் காப்புறுதி எடுப்பது கட்டாயம். மதிப்பீட்டாளரிடம் பணம் இல்லாவிட்டாலும் காப்புறுதியிடம் இருக்கும். அது அவருடைய குடும்பத்துக்கும் பாதுகாப்பு, உங்கள் குடும்பத்துக்கும் பாதுகாப்பு.

மறுபக்கத்தையும் பார்ப்போம்

சங்கம் கோயில் அல்ல. அதன் மீதுள்ள குறைகளைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை விளம்பரமாகிவிடும்.

பணம் முதற்குறை. உறுப்பினர் சந்தா, மதிப்பீட்டாளர் பதிவுக் கட்டணம், நிறுவனக் கட்டணம், காப்புறுதி என்று ஒன்றன்மேல் ஒன்றாக வரும். தனியாளாகத் தொழில் நடத்துபவருக்குக் காப்புறுதிதான் பெரும் சுமை. தொழிலை மூடிய பின்பும் பழைய வேலைகளுக்காகச் சில ஆண்டுகள் காப்புறுதி தொடர வேண்டும். உறுப்பினர் சந்தாவை வருமானவரிக் கணக்கில் கழிக்கலாம் என்பது சிறு ஆறுதல். வருமானம் குறைந்தவருக்குச் சலுகையும் உண்டு, கேட்டால்தான் கிடைக்கும்.

வேலை இரண்டாவது. பதிவு கிடைத்ததும் வங்கி கதவைத் தட்டாது. வங்கிகளின் பட்டியல்களைப் பெரும்பாலும் பெரிய நிறுவனங்களே கையில் வைத்திருக்கின்றன. சாதாரண வீடுகளுக்குப் பல வங்கிகள் ஆளையே அனுப்பாமல் கணினியைக் கொண்டு பெறுமதி பார்க்கின்றன. தனியாளுக்கு எஞ்சியிருப்பது மரணச் சொத்து, விவாகரத்து, லீஸ் நீடிப்பு, அறக்கட்டளை, பங்குக் கடன் போன்ற வேலைகள். எமது குடும்பங்களுக்கு இப்போது அதிகம் தேவைப்படுபவையும் இவையே. முதலில் வந்த தலைமுறைக்கு வயதாகிறது. மரணச் சொத்து வரியின் வாசல் 2009 முதல் 325,000 பவுணில் அசையாமல் நிற்கிறது. பிள்ளைகளுக்கு வீட்டை விடுபவருக்கு மேலும் 175,000 பவுண் வரை சலுகை உண்டு. ஆனால் லண்டன் வீட்டு விலைக்கு முன் இரண்டும் சிறியவை.

மூன்றாவது, சங்கத்தின் சொந்த வீடு. 2018இல் அதன் பண நிர்வாகத்தில் பலவீனங்கள் உண்டு என்று கணக்காய்வு அறிக்கை ஒன்று சுட்டியது. அதைப் பற்றிக் கேள்வி கேட்ட நான்கு இயக்குநர்கள் வெளியேற்றப்பட்டார்கள். சட்டத்தரணி அலிசன் லெவிற் செய்த சுதந்திர விசாரணையின் அறிக்கை 2021 செப்டெம்பரில் வெளிவந்தபோது, தலைமை நிர்வாகியும் தலைவரும் வேறு இரு உயர் பொறுப்பாளர்களும் பதவி விலகினார்கள். பின்னர் பிச்சார்ட் பிரபு அமைப்பு முழுவதையும் ஆராய்ந்து, பொதுமக்கள் நலனை முன்னிறுத்த வேண்டும் என்று 2022இல் பரிந்துரைத்தார். மற்றவர் நேர்மையைச் சோதிக்கும் சங்கம் தன் நேர்மையில் சறுக்கியது. ஆனால் அது வெளியே வந்தது, விசாரிக்கப்பட்டது, ஆட்கள் போனார்கள் என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

நான்காவது, நாம் பலர் நேரில் பட்ட அல்லல். கிரென்ஃபெல் கோபுரம் 2017 ஜூன் 14இல் எரிந்த பின், வெளிச்சுவர்ப் பூச்சுகளைச் சோதிக்கும் படிவம் ஒன்றை 2019 டிசம்பரில் இந்தச் சங்கமும் கடன் நிறுவனங்களின் அமைப்புகளும் சேர்ந்து கொண்டுவந்தன. படிவம் இல்லாத ஃப்ளாட்டுகளுக்குப் பல மதிப்பீட்டாளர்கள் பூச்சியம் என்று எழுதினார்கள். சோதிக்கப் போதிய நிபுணர்கள் இல்லாததால் விற்கவும் முடியாமல் மாறவும் முடியாமல் குடும்பங்கள் காத்துக் கிடந்தன. விதியைக் கண்டிப்பாகப் பின்பற்றுவதே சாதாரண மனிதனை நெருக்கும் வேளைகளும் உண்டு.

உள்ளே போகும் வழிகள்

இந்த மறுபக்கத்தையும் பார்த்த பின், சேரலாம் என்று நினைப்பவர்களுக்கு வழி மூன்று.

பள்ளி முடித்த பிள்ளைகளுக்குப் பட்டப் பயிலுனர் திட்டம். ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் நிறுவனத்தில் சம்பளத்தோடு வேலை, கூடவே பட்டப்படிப்பு. பல்கலைக்கழகக் கட்டணத்தைப் பிள்ளை கட்டுவதில்லை. முடிவில் பட்டமும் கிடைக்கும், பட்டய சேவேயர் தகுதியும் கிடைக்கும். கடன் இல்லாத படிப்பு என்பதால், வைத்தியம், பொறியியல், கணக்கியல் என்று மட்டும் பார்க்கும் எமது பெற்றோர் இதையும் ஒரு கணம் பார்க்க வேண்டும்.

அங்கீகரிக்கப்பட்ட பட்டம் பெற்றவர்களுக்குத் தொழில்திறன் மதிப்பாய்வு. அனுபவம் குறைந்தவர் 24 மாதங்கள் மேற்பார்வையின் கீழ் பயிற்சி பெற வேண்டும். ஐந்து ஆண்டு அனுபவம் இருந்தால் 12 மாதங்கள். பத்து ஆண்டுகள் இருந்தால் நேரே இறுதித் தேர்வுக்குப் போகலாம். அதில் தாம் செய்த ஒரு வேலையைப் பற்றி 3,000 சொற்களில் எழுதிக் கொடுத்து, ஒரு மணி நேரம் நேர்முகத்தில் இருக்க வேண்டும். தொழில் நெறிக் கேள்வியில் தடுமாறினால் மற்றதெல்லாம் நன்றாக இருந்தும் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

பட்டம் இல்லாதவருக்கும், ஊரில் பெற்ற பட்டம் இங்கே ஏற்கப்படாதவருக்கும் இணை உறுப்பினர் வழி இருக்கிறது. வேலை அனுபவத்தைக் காட்டியோ, குடியிருப்பு மதிப்பீட்டுக்கென்று உள்ள டிப்ளோமாவை முடித்தோ சேரலாம். குடியிருப்புத் துறையில் இணை உறுப்பினரும் மதிப்பீட்டாளர் பதிவேட்டில் இடம்பெறலாம். நாற்பது வயதில் புதிதாகத் தொடங்குபவருக்கு இதுவே நடக்கக் கூடிய பாதை.

சேர்ந்த பின் படிப்பு நிற்பதில்லை. ஆண்டுக்கு 20 மணி நேரத் தொடர்கல்வி என்பது நெடுநாளாக உள்ள விதி. சட்டம் மாறிக்கொண்டேயிருக்கும் நாட்டில் அது வீண் அல்ல. 2024இல் வந்த குத்தகைச் சீர்திருத்தச் சட்டம் ஒன்றே போதும் உதாரணத்துக்கு. லீஸ் நீடிப்பதற்கு வீட்டைச் சொந்தமாக்கி இரண்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும் என்ற பழைய விதி அதன் கீழ் 2025 ஜனவரி 31இல் நீங்கியது. அதை அறியாத மதிப்பீட்டாளர் ஒரு குடும்பத்தைத் தேவையில்லாமல் காக்க வைத்துவிடுவார்.

யாருக்குத் தேவை, யாருக்குத் தேவையில்லை

வீடு விற்று வாங்கிக் கொடுக்கும் முகவராக இருப்பவருக்கு ஆர்.ஐ.சி.எஸ். அவசியமில்லை, முகவர்களுக்கென்று உள்ள சங்கம் போதும். வாடகை வீடுகளை நிர்வகிப்பவருக்கும், சொத்து முதலீட்டு நிறுவனத்துக்குள் கணக்குப் பார்ப்பவருக்கும் முதல் சில ஆண்டுகள் அவசரமில்லை. கடைகளின் வணிக வரியைக் குறைத்துக் கொடுக்கும் வேலை செய்பவருக்கு ஆர்.ஐ.சி.எஸ். அல்லது உள்ளூர் வரி மதிப்பீட்டுக்கான நிறுவகம் ஐ.ஆர்.ஆர்.வி., இரண்டில் ஒன்று போதும். அந்தத் துறையில் எந்தச் சங்கத்திலும் இல்லாமல் முற்பணம் வாங்கிக்கொண்டு மறைபவர்கள் உண்டென்பதை எமது கடைக்காரர்கள் அறிவார்கள்.

வங்கி, வரித் திணைக்களம், நீதிமன்றம், அறக்கட்டளை, பிரியும் தம்பதி என்று, உங்களை நேரில் அறியாத ஒருவர் உங்கள் எண்ணை நம்ப வேண்டிய இடத்தில் நீங்கள் வேலை செய்தால் சேருங்கள். கூட்டங்களுக்குப் போய்க் கைகுலுக்குவதற்காக மட்டும் சேருவதானால் பணத்தை மிச்சம் பிடியுங்கள்.

குடும்பங்கள் கேட்க வேண்டியவை

வீட்டுக்கு மதிப்பீட்டாளரைக் கூப்பிடும் எமது வாசகர்கள் நான்கு கேள்விகளைக் கேட்கத் தயங்க வேண்டாம். ஆள் பதிவேட்டில் இருக்கிறாரா? சங்கத்தின் இணையதளத்தில் பெயரைப் போட்டுப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். அவருடைய நிறுவனமும் சங்கத்தின் ஒழுங்குக்குட்பட்டதா? ஆள் உறுப்பினராக இருப்பதும் நிறுவனம் ஒழுங்குக்குள் இருப்பதும் வேறு வேறு. காப்புறுதி உண்டா? முறைப்பாடு வந்தால் எந்தச் சுதந்திர அமைப்பிடம் போகலாம்? ஒழுங்குக்குட்பட்ட நிறுவனம் இதற்கெல்லாம் எழுத்தில் பதில் வைத்திருக்கும்.

வங்கி அனுப்பும் மதிப்பீடு வங்கியின் தேவைக்கானது என்பதையும் மறக்க வேண்டாம். வீட்டின் பழுது தெரிய வேண்டுமானால் தனியாக ஒரு சோதனை அறிக்கை எடுக்க வேண்டும். அது மூன்று நிலைகளில் இருக்கிறது. பழைய விக்டோரியா காலத்து வீடுகளுக்கு மூன்றாம் நிலையே பாதுகாப்பு.

கடைசியாக ஒன்று. எமது ஆள் ஒருவர் மதிப்பீட்டாளராக வந்து நீங்கள் விரும்பிய எண்ணை எழுத மறுத்தால் கோபிக்காதீர்கள். நாளை உங்கள் பிள்ளை வாங்கப் போகும் வீட்டுக்கும் அவர் அப்படித்தான் எழுதுவார்.